உணவுக்குழாய் கேன்சர் ஆபரேஷன் முடிஞ்சி வீட்டுக்கு வந்த அப்புறம் சாப்பாடு, தூக்கம், நடமாட்டம் எல்லாம் எப்படி பாத்துக்கறது

டிஸ்சார்ஜ் பேப்பர்ல பாத்தீங்கன்னா சாப்பாடு பத்தி ரெண்டு மூணு வரிதான் இருக்கும். சாஃப்ட் டயட், கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி, தலைமாடு ஒசரமா படுக்கணும், அவ்ளோதான். அதை வெச்சிக்கினு ஒரு வீட்டை எப்படி நடத்தறதுன்னு யாரும் ஒக்காந்து சொல்றதில்ல, சொல்ல அவங்களுக்கு நேரமும் கெடையாது, ஓபில அவ்ளோ கூட்டம். எங்க மாமனாருக்கு கீமோ, ரேடியேஷன் குடுத்து அப்புறம் ஆபரேஷன் பண்ணி வீட்டுக்கு கூட்டினு வந்தோம், அவருக்கு சமைக்கறது நான்தான், அதனால வேலூர் பக்கத்து வீட்டு சமையலுக்கும் பழக்கத்துக்கும் தகுந்தாப்ல எழுதறேன். நான் டாக்டர் இல்ல, மாத்திரை டோஸ் எதையும் இதைப் படிச்சிட்டு மாத்தாதீங்க.

மொதல்ல உள்ள இன்னா பண்ணியிருக்காங்கன்னு வீட்ல எல்லாருக்கும் தெரியணும், பரிமாறுறவங்களுக்கு கட்டாயம் தெரியணும். உணவுக்குழாயோட பெரும்பகுதியை எடுத்துட்டு, இரைப்பையையே நீளமா குழாய் கணக்கா தைச்சி மேல இழுத்து, நெஞ்சுக்குள்ளயோ கழுத்துலயோ மிச்சம் இருக்கற உணவுக்குழாயோட சேத்துடறாங்க. இதனால இடம் கொறைஞ்சிடுது. சாப்ட்டது திரும்பி மேல வராம தடுத்துனு இருந்த வால்வு போயிடுது. இரைப்பைக்கு போற நரம்பும் வெட்டுப்படுது, அதனால சில பேருக்கு சாப்பாடு எறங்கவே லேட் ஆவுது, சில பேருக்கு கடகடன்னு குடலுக்கு போயிடுது. வீட்ல வர்ற தொந்தரவுல முக்காவாசி இதுலேர்ந்துதான் வருது, இது புரிஞ்சிட்டா பாதி பயம் போயிடும்.

சாப்பாடு

ஒரு நாளைக்கு ஆறிலேர்ந்து எட்டு வேளை. ஒவ்வொரு வேளையும் ஒரு சின்ன கிண்ணம், அதுக்கு மேல வேணாம். பசிக்குதான்னு கேக்காதீங்க, நரம்பு வெட்டுப்பட்டவங்களுக்கு பழைய மாதிரி பசியே வராது, மாசக்கணக்கா வராது. கடிகாரத்தை பாத்து குடுங்க. நாங்க போன்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு அலாரம் வெச்சோம், அது அடிச்சா யார் வீட்ல இருக்காங்களோ அவங்க கிண்ணத்தை எடுத்துனு போவணும், மருமகதான் போவணும்னு இல்ல. இதை மொதல் நாளே பேசி வெச்சிக்கோங்க, இல்லன்னா பகல் பூரா ஒரே ஆளு அடுப்பாண்ட நிக்கணும்.

தட்டுல சாப்பாடு போடாதீங்க. பெரிய தட்டுல கொஞ்சூண்டு சோறு இருந்தா பாக்கறவங்களுக்கு மனசு கேக்காது, இன்னும் ஒரு கரண்டின்னு கை தானா போவும். எங்க மாமியார் அப்படித்தான், "இன்னாங்க, கொழந்த சாப்பாடு கணக்கா இருக்குது, இன்னும் ஒரு கரண்டி வெச்சிக்கோங்க"ன்னு பின்னாடியே நிப்பாங்க, அவரும் சம்சாரம் சொல்றாளேன்னு வாங்கிடுவாரு, அந்த ஒரு கரண்டிதான் அப்புறம் நெஞ்சை அடைச்சிக்கினு ஒக்காரும். என்னை கேட்டா மாத்தறதுக்கு ரொம்ப கஷ்டமான விஷயம் நோயாளியோட வயிறு இல்ல, சுத்தி இருக்கறவங்களோட உபசாரம்தான். கிண்ணம், டீஸ்பூன், இது ரெண்டும் போதும். இருவது முப்பது நிமிஷம் ஆனாலும் ஆவட்டும், நேரா நிமிந்து ஒக்காந்து மென்னு சாப்பிடணும், பேசிக்கினு டிவி பாத்துக்கினு முழுங்கக்கூடாது.

சாப்பிடும்போது தண்ணி குடிக்கற பழக்கத்தை விடணும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்ன, இல்ல அரை மணி நேரம் கழிச்சி. நடுவுல தொண்டை நனைய ஒரு வாய், அவ்ளோதான். தண்ணியே இடத்தை ரொப்பிடும், சாப்பாட்டையும் வேகமா தள்ளினு போயிடும். ஆனா இதுக்காக நாள் முழுக்க தண்ணி கொறைச்சிடாதீங்க, நம்ம ஊர்ல ஏப்ரல் மே வெயில் 40 டிகிரியை தாண்டும், பாட்டிலை கையிலயே குடுத்து நடுநடுவுல சப்பி சப்பி குடிக்க வெக்கணும்.

இப்ப நம்ம ஊர் சாப்பாட்டுக்கு வர்றேன். கேவுரு (கேழ்வரகு) களி. நம்ம பக்கம் களியை யாரும் மெல்றதில்ல, உருண்டை புட்டு கீரை கொழம்புல தோய்ச்சி அப்படியே முழுங்கறதுதான் வழக்கம், மென்னா சிரிப்பாங்க. ஆபரேஷன் ஆனவங்களுக்கு அந்த முழுங்கல் ஆவாது, தையல் போட்ட இடம் சுருங்கியிருந்தா அங்கயே போய் ஒக்காந்துக்கும். களி வேணாம், ஆனா கேவுரை விட வேணாம். மாவை தண்ணில கரைச்சி கட்டி இல்லாம வடிகட்டி, அடுப்புல வெச்சி கைவிடாம கிண்டி, கரண்டிலேர்ந்து ஊத்தினா கயிறா இல்லாம ஒழுவணும், அந்த பதத்துல எறக்கி ஆறவெச்சி கெட்டி தயிரோ மோரோ கலந்து உப்பு போட்டு குடுங்க. அதுலயே வறுத்து தோல் நீக்கின வேர்க்கடலையை நைசா பொடி பண்ணி ஒரு ஸ்பூன் கலந்தா புரோட்டீனும் சேரும், கேலரியும் சேரும். வெல்லம் போட்ட கூழ் மொதல்ல வேணாம், காரணம் கீழ சொல்றேன்.

இட்லி நல்லதுதான், ஆனா வெறும் இட்லி வாய்ல பஞ்சா ஒட்டிக்கும், சாம்பார்ல ஊற வெச்சி நசுக்கி குடுங்க. தோசைன்னா முறுகல் இல்லாம மெத்துனு. சோறு கொழைய வேக வெச்சி பருப்பு, நெய், இல்ல ரசம், தயிர். முட்டையை ஆம்லெட்டா வறட்டாம பால் ஊத்தி கலக்கி மெத்துனு எடுங்க. மீன்னா முள்ளு ஒண்ணு கூட இல்லாம நீங்களே கையால தடவிப் பாத்து எடுத்து குடுக்கணும். சிக்கனை கைமாவா வாங்கி கொழம்புல வேக வெச்சிடுங்க. பரோட்டா, பிரெட்டு, மட்டன் துண்டு, முருங்கக்கா நாரு, தக்காளி தோலு, கருவேப்பிலை, இதெல்லாம் மாட்டிக்கற சாமான். நம்ம முள்ளு கத்திரிக்காயை சுட்டு தோலை உரிச்சி கடைஞ்சி குடுக்கலாம், எங்க வீட்ல நல்லாவே எறங்குச்சி. ஆம்பூர் பிரியாணி வேணும்னு கேப்பாங்க, கட்டாயம் கேப்பாங்க. டாக்டர் கெட்டி சாப்பாடு சாப்பிடலாம்னு சொன்ன பிறகு, எண்ணெ கம்மியான மேல் சோறா ரெண்டு ஸ்பூன், கறியை பிச்சி பிச்சி போட்டு குடுங்க, ஆசைக்கு ருசி பாக்கறதுல தப்பே இல்ல. மனுஷன் மருந்துக்காக மட்டும் சாப்பிடறதில்லயே.

சாப்ட்டதும் வேர்த்து கொட்டுதா?

இதுக்கு பேரு டம்பிங். சாப்ட்ட கால் மணி, அரை மணி நேரத்துல நெஞ்சு படபடன்னு அடிக்கும், வேர்க்கும், வயிறு முறுக்கும், பேதியாவும், தலை சுத்தும். சாப்பாடு, அதுவும் இனிப்பு, குடலுக்கு மொத்தமா எறங்கறதால வர்றது. வீட்ல மொத தடவ பாத்தா ஹார்ட் அட்டாக்னு பதறிடுவோம். (உண்மையிலயே நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் இருந்தா டம்பிங்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, 108 கூப்பிடுங்க.) டம்பிங்தான்னா சாஞ்சாப்ல ஒக்கார வெச்சி அமைதியா விட்டா அரை மணி நேரத்துல சரியாயிடும், அன்னிக்கு இன்னா சாப்ட்டாங்கன்னு எழுதி வெச்சிக்கோங்க, மூணு நாலு தடவயில எது ஆவலன்னு தெரிஞ்சிடும். பெரும்பாலும் கரும்பு ஜூஸ், பாயசம், சக்கரை தூக்கலா போட்ட டீ, கடலை உருண்டை, பாக்க வர்றவங்க பாசமா வாங்கினு வர்ற ஆற்காடு மக்கன் பேடா, இதுங்கதான்.

இன்னொரு வகை ஒரு மணிலேர்ந்து மூணு மணி நேரம் கழிச்சி வரும். கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு கொழறும், கண்ணு இருட்டும். அது சுகர் கொறையறது. உடனே குளுக்கோஸோ சக்கரை தண்ணியோ குடுத்துட்டு, சரியானதும் முட்டை, தயிர் மாதிரி ஏதாவது குடுக்கணும். ஏற்கனவே சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கறவங்க ரொம்ப உஷார், ஆபரேஷனுக்கு முன்ன எழுதின டோஸ் எடை கொறைஞ்ச ஒடம்புக்கு அதிகமா இருக்கலாம், பிபி மாத்திரையும் அப்படித்தான். வீட்டுக்கு வந்த மொத செக்கப்லயே பழைய மாத்திரை கவரை எல்லாம் கொட்டி காட்டி, எது வேணும் எது வேணாம்னு கேட்டுடுங்க. பெரிய மாத்திரை முழுங்க முடியலன்னு பொடி பண்றதுக்கு முன்ன கேளுங்க, பேருக்கு பின்னாடி எஸ்ஆர், எக்ஸ்ஆர்னு போட்டிருந்தா பொடி பண்ணவே கூடாது, அதுங்க மெதுவா கரையறதுக்குன்னே செஞ்சது.

தூக்கம்

இனிமே தட்டையா படுக்கறதுன்னு ஒண்ணு கெடையாது, இது கொஞ்ச நாளைக்கு இல்ல, காலம் பூரா. வால்வு இல்லாததால படுத்தா உள்ள இருக்கறது மேல வரும், தூக்கத்துல நுரையீரலுக்குள்ள போனா நிமோனியா. பாய்ல படுத்து பழகினவங்களுக்கு இது பெரிய ரோதனை. மூணு தலைகாணி அடுக்கறதுனால பிரயோசனம் இல்ல, கழுத்துதான் மடங்கும், ராத்திரியில சரிஞ்சிடும். கட்டில்ல தலைமாட்டு ரெண்டு காலுக்கும் கீழ செங்கல்லோ மரக்கட்டையோ வெச்சி முக்கா அடி ஒசத்துங்க. செங்கல்லு மேல கட்டில் கால் வழுக்காம இருக்க பழைய சைக்கிள் டியூபை வெட்டி நடுவுல வெச்சோம், அசையல. காலு பக்கம் சரிஞ்சி போறாருன்னா முட்டிக்கு கீழ ஒரு சின்ன தலைகாணி. வெயில் காலத்துல மொட்டை மாடியிலதான் தூங்குவேன்னு அடம் பிடிச்சா சாய்வு நாற்காலி போட்டுடுங்க.

ராத்திரி கடைசி சாப்பாடு தூங்கறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்ன. சீரியல் முடிஞ்ச பிறகு ஒம்போதரைக்கு சாப்பிடற வீடுன்னா அவருக்கு மட்டும் ஏழு மணிக்கு முடிச்சிடுங்க. காலைல எழுந்ததும் வாய் புளிப்பா இருக்கு, ராத்திரி இருமல் வருதுன்னா அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம போன் பண்ணி சொல்லுங்க.

வயித்துல டியூபோட அனுப்பினா

சில பேருக்கு சிறுகுடல்ல ஒரு டியூப் வெச்சி அனுப்புவாங்க, வாயால போதுமான அளவு சாப்பிடற வரைக்கும் அதான் காப்பாத்தும். ஒவ்வொரு தடவ ஃபீட் குடுக்கறதுக்கு முன்னயும் பின்னயும் கொதிச்சி ஆறின தண்ணி, நர்ஸ் சொன்ன அளவு, சாதாரணமா 30 மில்லி, சிரிஞ்சில ஏத்தி அலசணும். இதை ஒரு வேளை விட்டாலும் அடைச்சிக்கும். கஞ்சி, சத்துமாவு, எது ஊத்தலாம்னு டயட்டீஷியனை கேட்டுட்டு ஊத்துங்க, சன்ன டியூபுக்கு வீட்டு கஞ்சி எல்லாம் போவாது. வேகமா தள்ளினா வயிறு உப்பும், பேதியாவும். டியூப் வெளிய வந்துட்டா நீங்களே சொருவாதீங்க, சுத்தமான துணியை மேல வெச்சி ஒட்டி அப்பவே ஆஸ்பத்திரிக்கு கெளம்புங்க, விடிஞ்சி பாத்துக்கலாம்னு விட்டா ஓட்டை சீக்கிரம் மூடிக்கும், அப்புறம் திரும்ப போடறது கஷ்டம்.

திரும்பவும் அடைக்குதே

வீட்டுக்கு வந்து கொஞ்ச வாரம், மாசம் கழிச்சி நல்லா எறங்கினு இருந்த சோறு திரும்ப மாட்டும். எல்லாருக்கும் மனசுல ஒண்ணுதான் ஓடும், கேன்சர் திரும்ப வந்துடுச்சோன்னு. பெரும்பாலும் அது தையல் போட்ட இடம் ஆறும்போது சுருங்கறது, எண்டோஸ்கோப்பி வழியா பெருசு பண்ணி விடுவாங்க, சில பேருக்கு திரும்ப திரும்ப பண்ண வேண்டி வரும். ஆனா எதுனாலன்னு உள்ள பாத்தாதான் தெரியும், அதனால கஞ்சிக்கு மாறி சமாளிச்சிக்கினு வீட்லயே இருக்காதீங்க.

கொரல் கரகரன்னு ஆயிடறதும், தண்ணி குடிச்சா பொறை ஏறறதும் உண்டு, கொரல் நாணுக்கு போற நரம்பு ஆபரேஷன்ல பாதிக்கறதால. ஸ்பீச் தெரபிஸ்ட் கிட்ட அனுப்ப சொல்லி நீங்களே கேளுங்க, தாடையை கீழ எறக்கி எப்படி முழுங்கறதுன்னு சொல்லி குடுப்பாங்க, யாருக்கு எது சரிவரும்னு அவங்கதான் பாத்து சொல்லணும்.

ஆபரேஷன் இல்லாம கீமோ ரேடியேஷன் மட்டும் முடிச்சவங்களுக்கும் குழாய் சுருங்கலாம், உலரலாம், மேல சொன்ன சாப்பாட்டு முறை பாதிக்கு மேல பொருந்தும். ஸ்டென்ட் (அடைப்பை தெறந்து வெக்க குழாய்க்குள்ள வெக்கற சின்ன வலைக்குழாய்) வெச்சவங்க ஒரு படி மேல உஷாரா இருக்கணும், கறித்துண்டு, பிரெட்டு, பழ நாரு கூடவே கூடாது, ஒவ்வொரு வாய்க்கும் நடுவுல வெதுவெதுப்பா ஒரு வாய் தண்ணி. நோய் முழுசா போகாதுன்னு சொல்லி அனுப்பினவங்களுக்கும் வலி இல்லாம இருக்க வழி இருக்குது, வலிக்கு மார்ஃபின் எழுதினா கடைசி மருந்துன்னு பயந்து குடுக்காம வெக்காதீங்க.

எடை, ரத்தம், நடை

எடை கிட்டத்தட்ட எல்லாருக்கும் கொறையும். வாரத்துக்கு ஒரு தடவ, ஒரே மிஷின்ல, ஒரே நேரத்துல பாத்து நோட்ல எழுதுங்க, தெனம் பாத்தா பைத்தியம் பிடிக்கும். பெரும்பாலும் ஆறு மாசம் வாக்குல ஒரு இடத்துல நிக்கும், பழைய எடைக்கு திரும்பாம போனாலும் போவும், அதை வெச்சி எளச்சிட்டாரு எளச்சிட்டாருன்னு வர்றவன் போறவன் எல்லாம் சொல்லாம பாத்துக்கோங்க. பி12, இரும்புச்சத்து, வைட்டமின் டி மூணும் கொறைய வாய்ப்பு இருக்கறதால டெஸ்ட் எழுத சொல்லி கேளுங்க. மலம் வெளிறி, எண்ணெ பசையா, மெதந்துக்கினு இருந்தா சொல்ல கூச்சப்படாதீங்க, கொழுப்பு செரிக்கலன்னு அர்த்தம், அதுக்கு என்சைம் மாத்திரை இருக்குது.

ஆஸ்பத்திரியில குடுத்த மூணு பந்து ஊதுற சாமானை வீட்டுக்கு வந்ததும் பரண்ல போடறவங்கதான் அதிகம், எவ்ளோ நாள்னு கேட்டு அது வரைக்கும் இழுக்க வைங்க. (ஊதறதில்ல, இழுக்கணும்.) மொத வாரம் வாசல் வரைக்கும், அப்புறம் தெருமுனை, அப்புறம் கோட்டை மைதானத்துல காலைல வெயில் ஏறுறதுக்குள்ள ஒரு சுத்து. ரெண்டு மூணு மாசத்துக்கு தண்ணி கொடம், நெல்லு மூட்டை, கேஸ் சிலிண்டர் எதையும் தூக்கக்கூடாது. தோல் ஃபேக்டரி, வயல் வேலைன்னு ஒடம்பை போட்டு செய்யற வேலைக்காரங்க எப்ப திரும்ப போலாம்னு டாக்டர் கிட்ட வேலையை விவரமா சொல்லி கேக்கணும், சும்மா வேலைக்கு போலாமான்னு கேட்டா போலாம்னுதான் சொல்வாங்க.

பீடி, ஹான்ஸ், சரக்கு மூணும் முடிஞ்சிது. தனியா விட முடியலன்னா 1800112356 இலவச நம்பர், புகையிலை விடறதுக்கு பேசுவாங்க. அவர் விட்டுட்டு இருக்கும்போது வீட்ல இன்னொருத்தர் திண்ணையில ஒக்காந்து ஊதறது நியாயமே இல்ல.

மனசு, பந்தி, நோன்பு

கல்யாணத்துக்கு கூப்பிட்டா வரலன்னு சொல்ல ஆரம்பிச்சா கவனிங்க. பந்தியில பாதியில எழுந்தா யாராவது ஏதாவது கேப்பாங்கன்னுதான் அது. வீட்டுலேயே சாப்பிட வெச்சிட்டு கூட்டினு போங்க, பந்தி நேரத்துல மண்டபத்துக்கு வெளிய ஒக்காந்து சொந்தக்காரங்களோட பேசட்டும். ஸ்கேன் தேதி நெருங்கினா தூக்கம் போயிடும், எரிஞ்சி விழுவாங்க, அது ஒங்க மேல இருக்கற கோவம் இல்ல. ரொம்ப நாள் யாரோடவும் பேசாம சோர்ந்து கெடந்தா டெலி மானஸ்னு மனநல உதவிக்கு இருக்கற அரசு போன் நம்பர் 14416, தமிழ்லயே பேசலாம். பாத்துக்கறவங்களுக்கும் அதே நம்பர்தான், நீங்களும் கூப்பிடலாம்.

மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் ரம்ஜான் மாசம் இந்த கேள்வி கட்டாயம் வரும். பகல் பூரா பட்டினி இருந்து இஃப்தார்ல பேரீச்சை, சர்பத், கஞ்சின்னு ஒரேடியா எறக்கினா டம்பிங்குக்கு வேற வெனையே வேணாம். நோயாளிக்கு நோன்புலேர்ந்து விலக்கு இருக்குது, டாக்டர் கிட்டயும் ஹஜ்ரத் கிட்டயும் முன்னாடியே பேசிடுங்க. ஆடி கிருத்திகை, வெள்ளிக்கிழமை விரதம் இருக்கறவங்களுக்கும் இதேதான்.

செக்கப்புக்கு போறப்ப

எப்படி இருக்கீங்கன்னு கேட்டா நம்மாளுங்க "பரவால்ல சார்"னு ஒரு வார்த்தையில முடிச்சிட்டு வெளிய வந்து எங்கிட்ட பத்து குறை சொல்வாங்க. ஆராய்ச்சிக்காரங்க வாழ்க்கை தரத்தை அளக்க 30 கேள்வி, அதோட உணவுக்குழாய்க்குன்னு தனியா 18 கேள்வின்னு ஒரு பட்டியலே வெச்சிருக்காங்க, பெரும்பாலான கேள்விக்கு இல்லவே இல்லலேர்ந்து ரொம்ப வரைக்கும் நாலு படி. வீட்டுக்கு அவ்ளோ வேணாம். ஞாயித்துக்கெழம எடை பாக்கும்போது முழுங்க முடிஞ்சிதா, எதுக்களிச்சிதா, தூங்கினீங்களா, எவ்ளோ தூரம் நடந்தீங்க, இந்த வாரம் ஆசையா இன்னா பண்ணீங்க, இந்த அஞ்சையும் கேட்டு ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் மார்க் போட்டு நோட்ல எழுதிடுங்க. கடைசி கேள்விதான் எனக்கு முக்கியமா படுது. டாக்டர் கிட்ட நோட்டை நீட்டினா போதும், பேச வேண்டியதே இல்ல.

மொத ரெண்டு வருஷம் சாதாரணமா மூணுலேர்ந்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கூப்பிடுவாங்க, அப்புறம் அஞ்சு வருஷம் வரைக்கும் எடைவெளி கூடும். ஆனா எச்சில் கூட எறங்காம நின்னுட்டா, ரத்த வாந்தி, தார் மாதிரி கருப்பா மலம், காய்ச்சலோட இருமல், திடீர்னு தாங்க முடியாத வயித்து வலி, ஒரு காலு மட்டும் வீங்கறது, இதுக்கெல்லாம் தேதி பாக்காம அன்னிக்கே போவணும்.

வெளியூர்லேர்ந்து காட்பாடிக்கு ரயில்ல வர்றவங்க கவனிக்க, கேன்சர் நோயாளி சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போறதுக்கு ஸ்லீப்பர்லயும் மூணாவது ஏசிலயும் டிக்கெட் காசு முழுசா தள்ளுபடி, கூட வர்ற ஒருத்தருக்கு 75 சதவீதம். அதுக்கு ஆஸ்பத்திரி சீல் போட்ட ஃபார்ம் வேணும், டாக்டரை பாத்துட்டு வெளிய வர்றதுக்கு முன்னயே அடுத்த தடவைக்கும் சேத்து கேட்டு வாங்கிடுங்க, சாயந்தரம் ஆனா கவுன்டர் மூடிடுவாங்க.